பழைய மஸ்டாங் வாங்கப் போகிறீர்களா? எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்

1965 அல்லது 1966 ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றைப் பார்க்கச் செல்பவர்களில் பெரும்பாலானோர் வண்டியருகே போனதும் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினின் உறுமலைக் கேட்டதும் மனத்துக்குள் பாதி விலை படிந்துவிடுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காரில் எளிதாகச் சரிசெய்யக்கூடிய பெரிய பகுதி எஞ்சின்தான். 289 கன அங்குல வி8 எஞ்சினுக்கு பிஸ்டன் ரிங் முதல் கார்புரேட்டர் டயாபிரம் வரை இன்றும் புதிய உதிரிபாகங்கள் கிடைக்கின்றன. அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் அமெரிக்காவின் சிறு ஊர்களில்கூட இருக்கிறார்கள். துருவால் அரிக்கப்பட்ட உடலின் கதை வேறு. அதை வெட்டி, தகடு வைத்து, நேர்கோடு தப்பாமல் வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்து முடிக்கும்போது ஆகும் செலவு பல நேரங்களில் வண்டியின் விலையையே தாண்டிவிடும். எனவே முதலில் உடலையும், அடுத்து அடையாளத்தையும், இவ்விரண்டும் தேறிய பிறகே எஞ்சினையும் பார்க்க வேண்டும்.

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான மஸ்டாங், இரண்டே ஆண்டுகளுக்குள் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டது. தொடக்க விலை 2,368 டாலர். ஃபால்கன் என்ற சிக்கனக் காரின் அடித்தளத்தையும் பாகங்களையும் எடுத்தாண்டதால்தான் அந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது. அதாவது, இது சேகரிப்பாளருக்காகச் செய்யப்பட்ட வண்டி அன்று. வேலைக்குப் போகவும் கடைக்குப் போகவும் சாதாரண மக்கள் வாங்கி, மழையிலும் பனியிலும் ஓட்டித் தேய்த்த வண்டி. அது பல கைகள் மாறி, வெயில்படாத கொட்டகைகளில் பல ஆண்டுகள் முடங்கி, நல்ல தொழிலாளிகளாலும் அரைகுறைத் தொழிலாளிகளாலும் பழுதுபார்க்கப்பட்டு இன்று நம் முன் நிற்கிறது. நான் வசிக்கும் மிச்சிகனில் குளிர்காலம் முழுவதும் சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பில் சில ஆண்டுகள் ஓடிய வண்டியின் அடிப்பகுதிக்கும், அரிசோனாவின் வறண்ட காற்றில் நின்ற வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை பார்த்தவர் மேற்பூச்சின் பளபளப்பை நம்பி விலை பேச மாட்டார்.

மஸ்டாங்கில் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுக்கடியில் ஓடும் பெட்டி விட்டங்கள், முன்னும் பின்னும் நீளும் சட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்பட்ட ஒரே கூடு. அதனால் தரையில் விழுந்த ஓட்டையை வெறும் ஓட்டை என்று எண்ண முடியாது. அது வண்டியின் முதுகெலும்பில் விழுந்த ஓட்டை. இந்தக் கூட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம், பெரும்பாலானோர் கண்ணில் படவே படாத ஓர் இடம். முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே காற்று நுழையும் துளைகள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது; அமெரிக்காவில் இதைக் கவுல் என்கிறார்கள். அதனடியில் மூடிய தகரப் பெட்டி ஒன்று உண்டு. மழைநீர் அதற்குள் விழுந்து இரு ஓரங்களின் வழியாக வெளியேறிவிடும். காற்று மட்டும் பெட்டிக்குள் எழும்பி நிற்கும் இரண்டு வளையங்களின் வழியாக உள்ளே வரும். பல பத்தாண்டுகளாக உள்ளே விழுந்த இலைகளும் மண்ணும் அந்த வளையங்களின் அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டைத் தின்றுவிடுகின்றன. அதன்பின் பெய்யும் ஒவ்வொரு மழையும் முன் இருக்கைக்காரர்களின் காலடிக் கம்பளத்தில் இறங்குகிறது. தரைத்தகடு கீழிருந்து துருப்பிடிப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் அது மேலிருந்து நனைந்து அழிந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் போதும். விற்பவரின் அனுமதியுடன் ஒவ்வொரு பக்கத்திலும் துளைகளின் மீது மெதுவாக ஊற்றுங்கள். உடன் வந்தவர் டார்ச் விளக்குடன் டேஷ்போர்டின் அடியில் தலையை நீட்டிப் பார்க்கட்டும். தண்ணீர் முன் சக்கரங்களுக்குப் பின்னால் தரையில் வடிந்தால் நல்லது. உள்ளே சொட்டினால், முன் மட்கார்டுகளைக் கழற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளி வெல்டிங்குகளைத் துளைத்து, பெட்டியைத் திறந்து, புதுத் தகடு வைத்து மூட வேண்டிய வேலை காத்திருக்கிறது. வளையத்தின் மேல் பிசின் தடவியோ பிளாஸ்டிக் மூடி ஒட்டியோ தற்காலிகமாக அடைத்திருப்பதும் உண்டு. ஆகவே சொட்டவில்லை என்றாலும் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். பழைய வண்டியில் புத்தம் புதுக் கம்பளம் மட்டும் போடப்பட்டிருந்தால், அதன் அடியைப் பார்க்காமல் நகரக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஒரு விற்பனையாளர் மறுத்தால், அந்த மறுப்பையே சோதனையின் முடிவாக நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்து வண்டியின் அடியில் படுக்க வேண்டும். முன் சட்டங்களை கதவடி விட்டங்களோடு இணைக்கும் டார்க் பாக்ஸ் எனப்படும் பெட்டிகள், பின்பக்க இலை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், பேட்டரித் தட்டின் கீழே அமிலம் வழிந்த வலப்பக்க உள்தகடு, டிக்கியின் இரு பக்கக் குழிகள் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். இற்றுப்போனதோ பட்டி நிரப்பியதோ மந்தமாக ஒலிக்கும். பெட்ரோல் டேங்கின் மேற்பகுதிதான் டிக்கியின் தரை என்பதால், அதைச் சுற்றிய விளிம்பில் ஈரத் தடங்களையும் பெட்ரோல் வாடையையும் கவனிக்க வேண்டும்.

முன்பக்கத்தில் ஷாக் டவர் என்ற செங்குத்துத் தகட்டுத் தூண்கள் எஞ்சினின் இருபுறமும் நிற்கின்றன. காயில் ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் மேல் சஸ்பென்ஷன் கையின் (அப்பர் கன்ட்ரோல் ஆர்ம்) தலையில் அமர்ந்து இந்தத் தூண்களுக்குள்தான் அழுந்துகிறது. வி8 எஞ்சினின் எடையும் குழிகளின் அடியும் நேராக இங்கேதான் வந்து சேர்கின்றன. மேல் கை போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள், மேலே வெல்டிங் தழும்புகள், கறுப்பு பெயின்ட்டால் தடித்து மறைக்கப்பட்ட ஒட்டுத் தகடுகள் ஆகியவற்றைத் தேடுங்கள். தூண்கள் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் சக்கர அலைன்மென்ட் ஒருபோதும் சரியாக வராது.

கன்வர்ட்டிபிள், அதாவது மடக்கும் துணிக்கூரை வண்டி என்றால் ஒரு சோதனை கூடுதல். கூரை தரும் வலு இல்லாததால் அந்த வகைக்கு கதவடி விட்டங்களைத் தடித்த தகட்டால் செய்தார்கள். அவை துருவால் இளகிவிட்டால் வண்டி நடுவில் தொய்யும். கதவை மூடிய நிலையில் அதன் பின் விளிம்பின் இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன் பக்கத்தை ஜாக்கியில் ஏற்றியபின் அதே கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். ஜாக்கியில் ஏறியதும் கதவு இறுகினால் விட்டம் தன் வேலையைச் செய்யவில்லை.

மேற்பூச்சைப் பொறுத்தவரை காந்தம் பயன்படும். பெயின்ட் தடிமன் காட்டும் மீட்டர் அதைவிடப் பயன்படும். தகட்டின் மீது நேரடியாக அடித்த பெயின்ட் சில நூறு மைக்ரானைத் தாண்டுவதில்லை. ஆயிரத்தைத் தாண்டி எண் ஏறினால் அங்கே பட்டி இருக்கிறது என்று பொருள். ஓர் எச்சரிக்கை: கூரையும் பின் பக்கத் தகடும் சேரும் இணைப்பைத் தொழிற்சாலையிலேயே ஈயத்தால் நிரப்பினார்கள். அங்கே காந்தம் ஒட்டாததைக் கண்டு நல்ல வண்டியை ஒதுக்கிவிட வேண்டாம். பின் சக்கர வளைவு, கதவின் அடி விளிம்பு, முன் மட்கார்டின் பின் நுனி ஆகிய மூன்று இடங்களிலும் காந்தம் நழுவினால்தான் கவலைப்பட வேண்டும்.

உடல் தேறிய பிறகு, இந்த வண்டி தான் சொல்லிக்கொள்ளும் வண்டிதானா என்ற கேள்வி வருகிறது. விலையில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது இந்தக் கேள்விதான். ஆறு சிலிண்டர் ஹார்டுடாப் (நிலையான தகட்டுக் கூரை வண்டி) ஒன்றும், 271 குதிரைத்திறன் கொண்ட உயர்திறன் எஞ்சினைக் குறிக்கும் கே குறியீட்டு ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் வரை சரிந்து இறங்கும் வண்டி) ஒன்றும் ஒரே ஆண்டில் ஒரே ஆலையில் பிறந்திருக்கலாம். இன்றைய சந்தையில் முதலாவதைப் போல் பல மடங்கு விலை இரண்டாவதற்கு. அந்த இடைவெளிதான் போலிகளை உருவாக்குகிறது.

இந்த ஆண்டுகளின் வாகன அடையாள எண்ணில் பதினொரு எழுத்துகள் உண்டு. இடப்பக்க உள்தகட்டின் மேல் விளிம்பில், மட்கார்டில் வெட்டப்பட்ட சிறு இடைவெளி வழியே அது தெரியும். முதல் இலக்கம் ஆண்டு. அடுத்த எழுத்து ஆலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் கலிபோர்னியாவின் சான் ஹோசே, டி (T) என்றால் நியூ ஜெர்சியின் மெட்டச்சன். அடுத்த இரண்டு இலக்கங்கள் உடல் வகை: 07 ஹார்டுடாப், 08 கன்வர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். ஐந்தாவது எழுத்து எஞ்சின்: டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர், சி என்றால் இரண்டு வாய்க் கார்புரேட்டர் கொண்ட 289, ஏ என்றால் நான்கு வாய்க் கார்புரேட்டர், கே என்றால் உயர்திறன் 289. ஃபாஸ்ட்பேக் உருவத்தில் நிற்கும் வண்டியின் எண்ணில் 07 இருந்தால், யாரோ ஹார்டுடாப்பின் கூரையை அறுத்து மாற்றியிருக்கிறார்கள். அழகாகச் செய்திருந்தால் அதை ஓட்டி மகிழலாம். ஆனால் ஃபாஸ்ட்பேக் விலை கொடுக்கக் கூடாது.

எண்ணைப் படிக்கும் முன்பே சக்கரம் ஒரு செய்தி சொல்லும். ஆறு சிலிண்டர் வண்டிகளுக்கு நான்கு நட்டுகள். வி8 வண்டிகளுக்கு ஐந்து. பானெட்டுக்குள் வி8 இருந்து, சக்கரத்தில் நான்கு நட்டுகள் இருந்தால், எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு, சிறிய பிரேக்கையும் மெலிந்த பின் ஆக்ஸிலையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். இது மதிப்பைக் குறைப்பதோடு நிற்பதில்லை. எடையும் வேகமும் கூடிய வண்டியை நிறுத்தும் வலு அதற்கு இல்லை என்பதுதான் எனக்கு முதன்மையான கவலை.

ஜிடி என்ற பட்டையும் பனி விளக்கும் பார்த்து மயங்க வேண்டாம். 1965 ஏப்ரலில் வந்த ஜிடி என்ற கூடுதல் வசதித் தொகுப்பு ஏ, கே என்ற இரண்டு எஞ்சின்களோடு மட்டுமே விற்கப்பட்டது. அடையாள எண்ணில் அதற்கெனத் தனிக் குறியீடு கிடையாது. ஆகவே சி குறியீட்டு வண்டியில் ஜிடி சின்னம் இருந்தால் அது பிற்காலத்தில் ஒட்டியது என்று உடனே சொல்லிவிடலாம். ஏ குறியீடு இருந்தால் மட்டும் அது ஜிடி ஆகிவிடாது. இரட்டைச் சைலன்சர் குழாய்களைத் தாங்க பின் சட்டங்களில் தொழிற்சாலை வெல்டிங் செய்த வலுவூட்டல் தகடுகள் இருக்கின்றனவா என்று அடியில் பார்க்க வேண்டும். கதவு விளிம்பில் ரிவெட் அடித்த விவரத் தகட்டை ஆதாரமாகக் காட்டுவார்கள். கேட்ட எழுத்துகளைப் பொறித்து அதேபோன்ற புதுத் தகடு செய்து கொடுப்பவர்கள் இருப்பதால், அது துணை ஆதாரம் மட்டுமே.

எஞ்சின் வண்டியோடு பிறந்ததா என்ற கேள்விக்கும் எல்லை உண்டு. கே எஞ்சின்களின் பிளாக்கில் (சிலிண்டர்கள் அமைந்த முதன்மை வார்ப்பில்) வண்டியின் எண்ணைப் பொறித்தார்கள். சாதாரண 289களில் அந்த வழக்கம் இல்லை. அவற்றில் வார்ப்புத் தேதி வண்டி கட்டப்பட்ட தேதிக்குச் சில வாரங்கள் முந்தியதாக இருக்கிறதா என்று மட்டுமே பார்க்க முடியும். 5 எஃப் 12 என்று வார்ப்பில் இருந்தால் 1965 ஜூன் 12. அந்த பிளாக்கைத் தாங்கிய வண்டி 1965 மார்ச்சில் கட்டப்பட்டதாகத் தகடு சொன்னால், அது பிறப்பு எஞ்சின் அன்று. 1967 முதலான ஃபோர்டு வண்டிகளை வாங்குபவர்களுக்கு தொழிற்சாலைப் பதிவுகளிலிருந்து தயாரிக்கப்படும் மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கிறது. 1965, 1966 வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை. பான்டியாக் என்ற மற்றோர் அமெரிக்கப் பெயரின் பழைய வண்டியை வாங்குபவர்களுக்கு பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் தரும் ஆவணங்கள் உண்டு. மஸ்டாங்கின் போட்டியாளரான 1967 முதல் 1969 வரையான செவர்லே கமாரோவின் அடையாள எண் ஆறு சிலிண்டரா எட்டு சிலிண்டரா என்பதோடு நின்றுவிடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், எஞ்சின் எழுத்தைச் சுமந்து வரும் மஸ்டாங் நமக்குப் பெரிய உதவி செய்கிறது.

உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணையும் தகட்டில் உள்ள எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரைத்த தடமோ வெல்டிங் கோடோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். திருட்டு வண்டி என்று தெரியவந்தால் காவல்துறை எடுத்துச் சென்றுவிடும். கொடுத்த பணமும் திரும்பாது.

இனி எஞ்சின். நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் முதல் நிமிடத்தில் தெரிவது பிறகு தெரியாது. கிளம்பும்போது மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்து மறைந்தால் வால்வுத் தண்டின் சீல்கள் காய்ந்திருக்கின்றன. அது சிறு வேலை. ஓட்டத்தில் முடுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. தொடர்ந்து வரும் கறுப்புப் புகை பெரும்பாலும் கார்புரேட்டரின் பவர் வால்வு டயாபிரம் கிழிந்ததைக் காட்டும். இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை கூலன்ட் எரிவது; அதைக் கடுமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எல்லா வெள்ளைப் புகையும் அப்படியன்று. சி4 ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில் எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் மாடுலேட்டர் என்ற சிறு டப்பி உண்டு. அதன் உள்சவ்வு கிழிந்தால் எஞ்சின் கியர் எண்ணெயை உறிஞ்சி எரிக்கத் தொடங்கும். அடர்ந்த புகை வரும். கியரும் முரட்டுத்தனமாக மாறும். எஞ்சினும் போயிற்று, கியர் பெட்டியும் போயிற்று என்று உரிமையாளரே நம்பி விலையைக் குறைத்திருப்பார். அந்த டப்பியின் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே சிவப்பு எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோளாறு ஒரு மலிவான உதிரிபாகத்தில் முடிந்துவிடக்கூடும்.

இப்படிப் பயமுறுத்தும் சிறு கோளாறுகள் இன்னும் உண்டு. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் பற்றிக்கொண்டு, சாவியை விட்டதும் அணைந்துவிட்டால், இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் குறைத்துக் கொடுக்கும் தடைக் கம்பி அறுந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் காயிலுக்கு வேறு வழியாக முழு மின்சாரம் வருவதால்தான் இந்த விநோதம். பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தாற்போல் ஒரே பக்கம் தவறாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான மின்னழுத்தச் சீராக்கியைச் சந்தேகிக்க வேண்டும். முகப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தால், சுவிட்சுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்புத் துண்டிப்பான் வேலை செய்கிறது. பழைய வயர்களில் எங்கோ சுமை கூடுகிறது.

எஞ்சின் சூடேறுவதை மட்டும் பொறுமையாக ஆராய வேண்டும். நின்ற இடத்தில் சூடேறி, ஓடும்போது தணிந்தால் காற்றோட்டக் குறை. விசிறியையும் அதைச் சுற்றிய கூண்டையும் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு. டைமிங், அதாவது சிலிண்டரில் தீப்பொறி விழும் நேரம், தவறியிருந்தாலும் சூடேறும். அதைச் சோதிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு: கிராங்க் முனையிலுள்ள பேலன்சரின் வெளிவளையத்தைப் பிடித்திருக்கும் ரப்பர் முதுமையால் நெகிழ்ந்து, வளையமே நழுவியிருக்கலாம். அப்போது வளையத்தில் உள்ள டைமிங் குறிகள் பொய் சொல்லும். முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது குறி பூஜ்யத்தில் நிற்கிறதா என்பதே உண்மையான சோதனை.

விற்பவர் சம்மதித்தால் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் (உள்ளே உண்டாகும் அழுத்தத்தையும்) அளவெடுங்கள். மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கிடையிலான வேறுபாடு முக்கியம். மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டபின் அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு, அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட். எஞ்சினின் வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் மீட்டர் ஐடிலில் 17 முதல் 21 பாதரச அங்குலத்தில் அசையாமல் நின்றால், நான் மேற்கொண்டு எஞ்சினைத் தோண்ட மாட்டேன்.

ஓட்டிப் பார்ப்பதில் ஸ்டீயரிங்கின் தளர்ச்சியும், வேகத்தடையில் முன்பக்கம் எழுப்பும் கிரீச் ஒலியும் பழகிய குறைகள். புஷ்களும் பால் ஜாயின்ட்களும் எளிதில் கிடைக்கின்றன. பிரேக்கை அப்படி விட முடியாது. 1965, 1966 மஸ்டாங்கில், பெடலின் அழுத்தத்தை பிரேக் எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. நான்கு சக்கரங்களில் எந்தக் குழாய் உடைந்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும். இரட்டை அறை 1967 வண்டிகளில்தான் வந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கும் முன்பே பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்; அது மெல்ல இறங்கினால் ஓட்டிப் பார்க்க வேண்டாம். பெடல் நின்றாலும், விலை பேசி முடித்தபின், எவ்வளவு ஆசை இருந்தாலும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வராமல் டிரெய்லரில் ஏற்றி வாருங்கள். முன் சக்கரங்களுக்கு இரண்டும் பின்பக்கத்துக்கு ஒன்றுமாக உள்ள ரப்பர் குழாய்களையும் சக்கர சிலிண்டர்களையும் மாற்றி, மாஸ்டர் சிலிண்டரை இரட்டை அறை வகையாக ஆக்கிய பிறகு சாலையில் இறக்குங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரைத் தூக்கி எறியாமல் பெயர் எழுதி ஒரு பெட்டியில் வைத்திருந்தால், பின்னாளில் அசல் நிலைக்குத் திருப்ப விரும்புபவருக்கு அது உதவும்.